ஹார்மோன் அளவு சரி, ஆனால் வேலை நடக்கவில்லை: செல்லுக்குள் தாதுக்கள் செய்வது என்ன?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று எந்த ஊர் லேபிலும் காலை நேரத்தில் வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களில் தைராய்டுக்கும் சுகருக்கும் ரத்தம் கொடுக்க வந்தவர்கள் நிறைய. மாலையில் கிடைக்கும் ரிப்போர்ட்டில் ரத்தத்தில் எவ்வளவு ஹார்மோன் ஓடுகிறது என்று இருக்கும். அந்த ஹார்மோன் செல்லைத் தொட்ட பிறகு உள்ளே என்ன நடந்தது என்பது அதில் இருக்காது. உள்ளே வேலையை முடித்துக் கொடுப்பவை கால்சியம், மெக்னீசியம், ஜிங்க், இரும்பு, செலினியம், பொட்டாசியம் போன்ற தாதுக்கள். இவற்றில் ஒன்று குறைந்திருப்பது தெரியாமல் மாத்திரையின் டோஸை மட்டும் கூட்டிக்கொண்டே போவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

கால்சியத்தில் தொடங்கலாம். இன்சுலின், பாராதைராய்டு, ஆக்ஸிடோசின் போன்ற புரத வகை ஹார்மோன்களும் அட்ரினலினும் செல்லுக்குள் நுழைவதே இல்லை. செல் சவ்வின் வெளிப்பக்கம் இருக்கும் ஏற்பியில் (ஹார்மோனைப் பிடிக்கும் புரதம்) ஒட்டும், அத்தோடு சரி. சேதியை உள்ளே கொண்டுபோக இரண்டாவது ஒரு தூதர் வேண்டும். சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறு அப்படியொரு தூதர் என்று காட்டியதற்காக எர்ல் சதர்லேண்டுக்கு 1971-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே அளவுக்கு முக்கியமான இன்னொரு தூதர் கால்சியம்.

ரத்தத்தில் கட்டுப்படாமல் உலவும் கால்சியம் லிட்டருக்குச் சுமார் 1.2 மில்லிமோல். செல்லின் உள்நீரிலோ 100 நானோமோல்தான். வெளியே உள்ளதில் கிட்டத்தட்ட பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இந்த வித்தியாசத்தைக் காப்பாற்ற ஒவ்வொரு செல்லும் ராப்பகலாகக் கால்சியத்தை வெளியே தள்ளிக்கொண்டும், உள்ளே தனி அறைகளில் அடைத்துக்கொண்டும் இருக்கிறது. ஹார்மோன் வந்து ஏற்பியைத் தொட்டதும் ஐ.பி.3 என்ற சிறு மூலக்கூறு உருவாகி அந்த அறையின் கதவைத் திறக்கிறது. கால்சியம் 500 முதல் 1000 நானோமோல் வரை ஏறுகிறது. கால்மோடுலின் என்ற புரதம் நான்கு கால்சியம் அயனிகளைப் பிடித்ததும் உருவம் மாறி அடுத்தடுத்த நொதிகளை (செல்லின் வேதிவேலைகளை நடத்தும் புரதங்கள்) எழுப்புகிறது. சில நொடிகளில் பம்புகள் கால்சியத்தைத் திரும்ப அள்ளி உள்ளே வைத்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கால்சியம் பட்டால் ஒளிரும் இக்வோரின் என்ற புரதம் சொறிமீனிலிருந்து 1962-ல் பிரித்தெடுக்கப்பட்டது. அதைக் கல்லீரல் செல்லுக்குள் செலுத்தி, 1986-ல் ஒற்றைச் செல்லில் ஹார்மோனின் விளைவைப் பார்த்தார்கள். கால்சியம் ஒரேயடியாக ஏறி நிற்கவில்லை, அலை அலையாக வந்தது. ஹார்மோன் அளவைக் கூட்டியபோது அலையின் உயரம் அப்படியேதான் இருந்தது. அலைகள் அடுத்தடுத்து வரும் வேகம்தான் கூடியது. ஹார்மோன் எவ்வளவு வந்திருக்கிறது என்பதைச் செல் அலைகளை எண்ணித் தெரிந்துகொள்கிறது. உடலியலில் இதைவிட அழகான விஷயம் குறைவு என்பது என் எண்ணம்.

பிரசவ அறையில் ஆக்ஸிடோசின் கர்ப்பப்பையைச் சுருக்குவது இதே வழியில்தான். அதே அறையில் வலிப்பைத் தடுக்கப் போடும் மெக்னீசியம் சல்பேட் கால்சியத்துக்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. நரம்பு முனையில் கால்சியம் நுழைவதை அது தடுக்கும். பழகிய முறையில் 4 கிராம் நரம்பு வழியாக மெதுவாக, பிறகு இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம், அதன்பின் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம். ஒவ்வொரு டோஸுக்கு முன்பும் முழங்காலைத் தட்டினால் கால் உதறுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யாவது வருகிறதா என்று பார்ப்பார்கள். மெக்னீசியம் அளவுக்கு மீறினால் முதலில் போவது அந்த முழங்கால் உதறல். அப்போது கொடுக்கும் மாற்று மருந்து 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி. இந்த இரண்டு தாதுக்களின் இழுபறியைக் கண்ணால் பார்க்க முடிகிற இடம் அது.

மெக்னீசியத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. உடலிலுள்ள மெக்னீசியத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ரத்தத்தில் இருக்கிறது, அதனால் ரிப்போர்ட்டில் சரியாகத் தெரிந்தாலும் உள்ளே குறைந்திருக்கலாம். செல்லின் சக்திப் பணமான ஏ.டி.பி. மெக்னீசியத்தோடு சேர்ந்தால்தான் செல்லுபடியாகும். சைக்ளிக் ஏ.எம்.பி. தயாரிக்கும் நொதிக்கு மெக்னீசியம் வேண்டும். இன்சுலின் ஏற்பி உள்பக்கம் செய்கிற முதல் வேலை பாஸ்பேட்டை ஒட்டுவது, அந்த ஏ.டி.பி.யிலும் மெக்னீசியம் வேண்டும்.

இது குறைந்தால் மிகத் தெளிவாகத் தெரிகிற இடம் பாராதைராய்டு, அதாவது ரத்தக் கால்சியத்தை இறங்காமல் காக்கும் கழுத்துச் சுரப்பி. மெக்னீசியம் நன்றாக இறங்கிவிட்டால் பாராதைராய்டு ஹார்மோன் சுரப்பதே குறையும். சுரந்ததையும் எலும்பும் சிறுநீரகமும் சரியாகக் கேட்பதில்லை. விளைவு, ரத்தக் கால்சியம் இறங்கும். விரல் மரத்துப்போகும், வாயைச் சுற்றி ஊசி குத்தும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். கால்சியம் மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தாலும் கால்சியம் ஏறாது. மெக்னீசியத்தைச் சரிசெய்தால் சில நாட்களில் தானாக ஏறும். பொட்டாசியமும் இப்படித்தான்: மெக்னீசியம் குறைந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைக் கசியவிடும், எவ்வளவு சிரப் குடித்தாலும் நிற்காது.

ஏன் குறைகிறது? நீண்டகால வயிற்றுப்போக்கு, மதுப்பழக்கம், கட்டுப்படாத சுகர், நீர் பிரியும் மாத்திரைகள். இவற்றோடு நம் ஊரில் கட்டாயம் கேட்க வேண்டியது ‘கேஸ் மாத்திரை’. பான்டோபிரசோல், ஒமிபிரசோல், ராபிபிரசோல் எல்லாம் இதில் அடக்கம். ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு மெக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே எச்சரித்தது. டாக்டர் இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்ததை மெடிக்கலில் வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறவர்கள் மெக்னீசியத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். வழக்கமான அளவு டெசிலிட்டருக்கு 1.7 முதல் 2.2 மி.கி. சாப்பாட்டில் முருங்கைக்கீரை, பயறு, நிலக்கடலை, தவிடு போகாத சம்பா அரிசி ஆகியவற்றில் நன்றாக இருக்கிறது. சிறுநீரகம் பாதித்தவர்கள் மட்டும் மெக்னீசியம் மாத்திரையைத் தாங்களாகத் தொடவே கூடாது. வெளியேற வழியில்லாமல் தேங்கிவிடும்.

இனி தைராய்டு. ஒரே ஹார்மோனுக்கு எத்தனை தாது தேவைப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. மூளையடியிலிருந்து வரும், தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன் தைராய்டு செல்லைத் தொடுகிறது, சைக்ளிக் ஏ.எம்.பி. ஏறுகிறது: இங்கே மெக்னீசியம். அயோடினை ரத்தத்திலிருந்து உள்ளே இழுக்கும் வாயிற்புரதம் ஒரு அயோடைடுக்கு இரண்டு சோடியம் சேர்த்துத்தான் இழுக்கும். உள்ளே வந்த அயோடினைப் புரதத்தில் பதிக்கும் நொதி இரும்பைத் தாங்கிய நொதி. அந்த நொதிக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். அதைத் தயாரிக்கும் இன்னொரு நொதிக்குக் கால்சியம் வேண்டும். இப்படி உருவாகும் தைராய்டு ஹார்மோனான டி4-ல் (தைராக்ஸின்) நான்கு அயோடின் அணுக்கள். ஆனால் செல்லில் உண்மையாக வேலை செய்வது மூன்று அயோடின் உள்ள டி3. அந்த ஒற்றை அயோடினைக் கழற்றும் நொதியின் மையத்தில் செலினியம் உட்கார்ந்திருக்கிறது. உடலில் உருவாகும் டி3-ல் சுமார் 80 சதவீதம் தைராய்டுக்கு வெளியே, கல்லீரல் போன்ற இடங்களில் இப்படிக் கழற்றப்பட்டுத்தான் கிடைக்கிறது. கடைசியாக டி3 செல்லின் கருவுக்குள் போய் ஏற்பியில் உட்கார, அந்த ஏற்பி டி.என்.ஏ.வைப் பிடிக்க இரண்டு ஜிங்க் அணுக்கள் வேண்டும். ஒவ்வொரு ஜிங்கையும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் நான்கு சுற்றிப் பிடித்திருக்கும். கார்டிசால், ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன், விட்டமின் டி ஏற்பிகளும் இதே அமைப்புதான்.

அயோடின் விஷயத்தில் குமரி மாவட்டத்தில் ஒரு தவறான நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. ‘நம்ம உப்பு கடல் உப்பு, அதிலேயே அயோடின் இருக்கு’ என்பார்கள். புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்கள் பக்கத்தில் இருப்பதால் கல்லுப்பு கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் உப்பு சுமார் 35 கிராம், அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம். அத்தனை அயோடினும் உப்போடு ஒட்டிக்கொண்டு வந்தாலும் ஒருவர் ஒரு நாளில் சாப்பிடும் 5 கிராம் உப்பில் 9 மைக்ரோகிராம்கூட வராது. உண்மையில் பெரும்பகுதி உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். பெரியவர்களுக்குத் தேவை ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250.

அயோடின் சேர்த்த உப்பில் தயாரிப்பு இடத்தில் 30 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 30 பங்கு), வீட்டுக்கு வந்து சேரும்போது குறைந்தது 15 பி.பி.எம். இருக்க வேண்டும் என்பது விதி. 30 என்றால் 5 கிராமில் 150 மைக்ரோகிராம். 15-க்கு இறங்கிவிட்டால் 75-தான். எனவே வைத்திருக்கும் முறை முக்கியம். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். திறந்த மரவையிலோ ஈரக்கை படும் சாடியிலோ அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் உப்பு கசிந்து அடியில் தண்ணீர் தேங்கும். அயோடின் அந்தத் தண்ணீரோடு அடிக்குப் போய்விடும். மூடியுள்ள டப்பா, உலர்ந்த கரண்டி, ஒரு மாதத்துக்குத் தேவையான பாக்கெட், கறி இறக்கும் நேரத்தில் உப்பு. சோதனைச் சொட்டு மருந்தை உப்பில் விட்டால் அயோடின் இருந்தால் நீலம் கலந்த ஊதா நிறம் வரும். நிறம் மாறாத உப்பு சமையலுக்கு ஆகாது; கருவாட்டுக்கும் தென்னை மூட்டுக்கும் போடலாம்.

அடுத்து மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு. தைராய்டு என்றதும் ‘மரச்சீனியைத் தொடாதே’ என்று சொல்லிவிடுகிறார்கள். காரணத்தைப் புரிந்துகொண்டால் பயம் தேவைப்படாது. மரச்சீனியில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. அதிலிருந்து சயனைடு வரும், அதை உடல் தயோசயனேட்டாக மாற்றும், தயோசயனேட் அயோடின் நுழையும் அதே வாயிலில் போட்டிக்கு நிற்கும். காங்கோவில் அயோடின் பற்றாக்குறையும் சரியாகப் பக்குவப்படுத்தாத மரச்சீனியும் ஒன்றுசேர்ந்த பகுதிகளில்தான் கழலை (தைராய்டு வீங்கிக் கழுத்து புடைப்பது) கடுமையாக வந்தது. இங்கே அயோடின் உப்பும் கடல் மீனும் கூடவே இருக்கின்றன. தோலையும் உள்தோலையும் முழுதாக உரித்து, சின்னத் துண்டாக நறுக்கி, கிழங்கு நன்றாக முங்கித் தண்ணீர் ததும்பும் பெரிய பாத்திரத்தில் திறந்து வேகவைத்து, அந்தத் தண்ணீரை முழுக்க வடித்துவிட வேண்டும். கசக்கிற கிழங்கை எறிந்துவிடுங்கள். குறைந்த தண்ணீரில் குக்கரில் வைத்து அந்த நீரிலேயே மயக்குவது தவறான முறை. கூட ஒரு சாளை (மத்தி மீன்) கறி இருந்தால் அயோடினும் செலினியமும் சேர்ந்தே கிடைக்கிறது; பழைய ஆட்கள் வைத்த சேர்க்கை சரியான சேர்க்கை.

செலினியம் மாத்திரை இப்போது தைராய்டுக்கு என்று விற்கப்படுகிறது. தேவை ஒரு நாளைக்கு 40 முதல் 55 மைக்ரோகிராம்தான், மீன் சாப்பிடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்துவிடும். 400-ஐத் தாண்டினால் முடி கொட்டும், நகம் உடையும். அயோடினும் செலினியமும் இரண்டுமே குறைந்தவர்களுக்குச் செலினியத்தை மட்டும் கொடுத்தபோது தைராய்டு குறைவு மோசமானதைக் காங்கோவில் பார்த்திருக்கிறார்கள். அயோடினைச் சரிசெய்த பிறகுதான் செலினியம்.

இரும்பும் கால்சியமும் இரண்டு முகம் கொண்டவை. உடலுக்குள் ஹார்மோனுக்கு உதவும். ஆனால் தைராக்ஸின் மாத்திரையோடு ஒரே நேரத்தில் வயிற்றில் விழுந்தால் அதைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சவிடாது. கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் இரும்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பு, கூடவே கால்சியம் 500 மி.கி. இரண்டு வேளை. மூன்றையும் காலையில் சேர்த்து விழுங்கினால் டி.எஸ்.எச். இறங்காது, டோஸ் ஏறும். இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: காலை 5.30-க்குத் தைராக்ஸின், தண்ணீர் மட்டும். சாயாவோ காப்பியோ அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. 8 மணிக்குச் சாப்பாடு. 10.30-க்கு இரும்பு மாத்திரை, அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சாயா இல்லாமல். மதியச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம், இரவுச் சாப்பாட்டோடு மற்றொன்று. தைராக்ஸினுக்கும் இவற்றுக்கும் குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி என்பதுதான் இதன் அடிப்படை. டி4-ன் அரை ஆயுள் (ரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகும் காலம்) சுமார் 7 நாள் என்பதால் நேரத்தை மாற்றிய பலனை 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் டி.எஸ்.எச்.சில் பார்க்க முடியும். பத்தாவது நாளே மறுபடி டெஸ்ட் எடுப்பது காசுக்குக் கேடு. கர்ப்பிணிகளுக்கு மட்டும் டாக்டர் 4 வாரத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்வார்.

சுகர் பக்கம் சுருக்கமாக. இன்சுலினைத் தயாரிக்கும் கணையத்தின் பீட்டா செல்லுக்குள் குளுக்கோஸ் போய் ஏ.டி.பி. கூடும்போது ஒரு பொட்டாசியம் வாயில் மூடும், மின்னழுத்தம் மாறும், கால்சியம் உள்ளே பாயும், இன்சுலின் வெளியே வரும். கிளிமிபிரைடு மாத்திரை அந்தப் பொட்டாசியம் வாயிலைத்தான் மூடுகிறது. சாப்பிடாமல் போட்டால் சுகர் தாழ்வது இதனால். இன்சுலின் உள்ளே ஆறு ஆறாகக் கூடி, நடுவில் இரண்டு ஜிங்க் அயனிகளோடு அடுக்கப்பட்டிருக்கிறது. ஜிங்க் சேர்த்தால் இன்சுலின் படிகமாகும் என்று 1934-லேயே கண்டுபிடித்தார்கள். சாதாரண இன்சுலினை ஊசி போட்டு அரை மணி நேரம் கழித்துச் சாப்பிடச் சொல்வதன் காரணம் இந்த ஆறு பேர் கூட்டம் கலைந்து தனித்தனியாகப் பிரிய நேரம் பிடிப்பதுதான். தனி இன்சுலின்தான் ஏற்பியில் ஒட்டும். பால்போல் கலங்கிய இன்சுலினை உள்ளங்கைகளுக்கிடையே மெதுவாக உருட்டிக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது. உருட்டியும் கட்டி கட்டியாக நின்றால் அந்தக் குப்பி வீண்.

ஏற்பியைத் தொட்டதும் இன்சுலின் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் தள்ளும். சுகர் மிக ஏறி மயக்கத்தில் வருகிறவருக்கு இன்சுலின் தொடங்கும் முன் பொட்டாசியம் பார்ப்பது அதனால்தான். லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் முதலில் பொட்டாசியம், பிறகு இன்சுலின்; மாற்றிச் செய்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். எதிர்ப்பக்கமும் உண்டு. ராமிப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பிரஷர், இதய மாத்திரைகள், பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனின் வேலையைக் குறைப்பதால் பொட்டாசியம் உடலில் தங்கும். 100 மி.லி. இளநீரில் சுமார் 200 முதல் 250 மி.கி. பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகமும் தளர்ந்து, இந்த மாத்திரையும் சாப்பிடுகிறவர் வெயிலுக்கு நல்லது என்று நாளுக்கு இரண்டு மூன்று இளநீர் குடிப்பது ஆபத்து.

ஜிங்க் மாத்திரை பற்றி ஒன்று. தினமும் 50 மி.கி. வீதம் மாதக்கணக்கில் சாப்பிட்டால் குடலில் செம்பு உறிஞ்சப்படுவது தடைபட்டு ரத்தசோகை வரும், காலில் நரம்புத் தளர்ச்சியும் வரலாம். பேதிக்குக் குழந்தைகளுக்குக் கொடுப்பது 14 நாள் மட்டுமே.

கடைசியாக, ரத்தம் எடுக்கும்போது கெட்டுப்போகும் எண்கள். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கப் பொட்டாசியம் சேர்ந்த ஈ.டி.டி.ஏ. இருக்கிறது, அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் ஊதாவில் எடுத்துவிட்டு அதிலிருந்து மற்றக் குழாயில் ஊற்றினால் கால்சியம் பாதாளத்திலும் பொட்டாசியம் உச்சத்திலும் காட்டும். இப்படி இரண்டும் சேர்ந்து வந்தால் நோயாளியைச் சந்தேகிக்கும் முன் குழாயைச் சந்தேகியுங்கள். கையில் பட்டை கட்டி நீண்ட நேரம் விட்டால் கால்சியம் பொய்யாக ஏறும். கால்சியத்தைச் சுமக்கும் ரத்தப் புரதமான அல்புமின் டெசிலிட்டருக்கு 4 கிராமுக்குக் கீழே இருந்தால் குறைகிற ஒவ்வொரு கிராமுக்கும் கால்சியத்தோடு 0.8 மி.கி. கூட்டிப் பார்க்க வேண்டும். முடிக்கு என்று விற்கும் மாத்திரைகளில் ஜிங்கோடு பயோட்டின் என்ற விட்டமின் நிறைய இருக்கும், அது பல கருவிகளில் டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டிவிடும். குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். சீரம் (ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளியும் நீர்) சிவப்பாகக் கலங்கியிருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது என்று பொருள்: பொட்டாசியமும் மெக்னீசியமும் கூடுதலாகவும், இன்சுலின் குறைவாகவும் வரும். அந்த ரிப்போர்ட்டை வைத்து மாத்திரையை மாற்றாமல், மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.